ஏழுக்கு மேல் பேச்சில்லை

“எட்டு” என்றாள் அமுதவல்லி, கேட்டவரின் முகத்தைப் பார்க்காமலே. கல்மேல் புளியை வைத்துச் சின்ன இரும்புச் சுத்தியால் ஒரு தட்டு, விரல்நுனியால் ஒரு நிமிண்டு. கொட்டை இந்தப் பக்கம், சுளை அந்தப் பக்கம். கேட்டவர் பச்சியப்பன். காரிமங்கலத்துக்கு வெளியே இருக்கும் அந்தப் புளி மண்டியின் மேஸ்திரி. அவர் கேட்டதும் உலகத்தைப் புரட்டும் கேள்வி இல்லை. நேற்று கட்டின மூட்டையில் நார் கிடந்ததே, யார் கட்டியது என்றுதான் கேட்டார். எட்டு என்று பதில் வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து அமுதவல்லியே எழுந்து போனாள். “இப்ப நாலுங்கண்ணா. அந்த மூட்ட நான் கட்னதுதான். பிரிச்சுக் கொட்டுங்க, பாத்துக் கட்டித் தரன்.”

கோபம் ஏழுக்கு மேல் போனால் பேச்சில்லை. இந்தப் புளி சீசன் தொடங்கியதிலிருந்து மண்டியில் இதுதான் சட்டம். போட்டவள் அமுதவல்லி, பிழைத்தவர்கள் எல்லோரும். மாமியாரோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் ஒருத்தி வாசலிலேயே நின்று, “எனக்கு இன்னைக்கி எட்டுடி, யாரும் வாயக் கிண்டாதீங்க” என்று அறிவித்துவிட்டுத்தான் உட்காருகிறாள். லாரி சொன்ன நேரத்துக்கு வராத நாட்களில் பச்சியப்பனே ஆறு வரை போவதுண்டு. முன்பெல்லாம் அப்படிப்பட்ட நாளில் அவர் யாரையாவது பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார். இப்போது எண்ணைச் சொல்லிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வருகிறார். யாருக்கும் நஷ்டமில்லை.

எண்கள் அவள் கண்டுபிடித்தவை அல்ல. அவளுடைய போன் கொடுத்தவை. ஒரு நாளைக்கு ஐந்து முறை, எப்போது என்று சொல்லாமல், அந்தப் போன் கூவும். திரையில் கேள்வி வரும். இந்த நொடியில் உங்கள் கோபம் எத்தனை, பயம் எத்தனை, வெறுமை எத்தனை, பூஜ்யம் முதல் பத்து வரை. பிறகு ஒரு கேள்வி: யாரோ உங்களை விட்டுப் போய்விடுவார்கள் என்று தோன்றுகிறதா? அமுதவல்லி சுத்தியைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்து, பதிலை வாய்விட்டுச் சொல்லியபடியே அழுத்துவாள். ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் பத்துதான் போட்டாள். “கேக்கறதெல்லாம் சரிதான். ஆனா பத்தோட ஏன் நிறுத்திட்டாங்க?” என்று குறைபட்டுக்கொண்டாள்.

குறைபட்டது லூர்துமேரியிடம். பெங்களூருவில் இருக்கும் ஒரு மனநல ஆய்வு நிறுவனத்துக்காக இந்தப் பக்கத்து ஊர்களைச் சுற்றி வரும் களப்பணியாளர் அவர். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு ஐஸ்பெட்டி. அதற்குள் எச்சில் பிடிக்கும் சின்னக் குப்பிகள். போன் கேட்பது மனசின் கணக்கு என்றால் குப்பி கேட்பது உடம்பின் கணக்கு. மனம் பதறும்போது உடம்பில் சுரக்கும் கார்டிசால் என்ற ஒன்றின் அளவு எச்சிலில் தெரியும். காலையில் எழுந்ததும் ஒரு குப்பி, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆடியில் மூன்று நாள், மாசியில் மூன்று நாள். இது போக, வியாழக்கிழமைதோறும் சுகாதார நிலையத்தை ஒட்டிய அறையில் பன்னிரண்டு பெண்களை உட்காரவைத்து வகுப்பு. கோபம் ஏறும்போது என்ன செய்வது, இறங்கும்வரை எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதுதான் பாடம்.

அமுதவல்லியின் நோய்க்குத் தமிழில் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று எழுதுகிறார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. “கேட்டா ஏதோ என் குணமே கெட்டுப்போச்சுன்ற மாதிரி இருக்குது. காய்ச்சலுக்குக் காய்ச்சல்னு பேரு வெச்சவன் எவ்ளோ நல்லவன்!” என்பாள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. ஒல்லி உடம்பு, பெருங்குரல். கண் மட்டும் எப்போதும் எதிரில் இருப்பவரின் முகத்தை மேய்ந்துகொண்டே இருக்கும். உங்கள் புருவம் ஒரு நூல் ஏறினால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஏன் ஏறியது என்பதுதான் தெரியாது. தன்மேல் வெறுப்பு என்றே வைத்துக்கொள்வாள்.

பாசமும் அப்படித்தான். மண்டியில் புதிதாகச் சேர்ந்தவள் ஒருத்தி இரண்டாம் நாள் சிரித்துப் பேசினாள் என்று மூன்றாம் நாள் அவளுக்குப் புதுப் புடவை வாங்கிக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் அந்தப் பெண் வேறு யாரோடோ சாப்பிட உட்கார்ந்தாள் என்று புடவையைத் திருப்பிக் கேட்டாள். “புடிச்சிட்டா உசுரக் குடுத்துருவங்க. புடிக்கலன்னா எவ நெழலும் எம்மேல வுழக் கூடாது” என்று அவளே சொல்வாள், பெருமையும் வெட்கமும் கலந்து. நாத்தனார் எழிலரசியின் எண்ணை போனில் ஒரு வாரம் ‘சாமி’ என்று பதிந்து வைத்திருப்பாள். அடுத்த வாரம் ‘எடுக்காதே’ என்று மாற்றுவாள். வகுப்பில் இதைச் சொன்னபோது பன்னிரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு பாதிப் பேர் தங்கள் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

எழிலரசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அமுதவல்லியின் மகள் காவியா அவளிடம்தான் வளர்கிறாள். கணவன் ரஞ்சித்குமார் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான்; பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மாவின் கோபத்தையும் அழுகையையும் பார்த்துப் பார்த்துக் குழந்தை பேசுவதையே குறைத்துக்கொண்டபோது, அவனுடைய அக்கா எழிலரசி வந்து மாரண்டஹள்ளிக்கு அழைத்துப்போனாள். அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நிதானமானவள். சண்டைக்கு வராதவள். அமுதவல்லிக்கு அதுவே பெரிய எரிச்சல். மாதம் ஒருமுறை சனி ஞாயிறில் காவியாவைக் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

போன வருடம் சித்திரையில் அந்த ஏற்பாடு உடைந்தது. காரிமங்கலம் பேருந்து நிலையத்தில் காவியா பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, “டாட்டா ம்மா” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புதான் அமுதவல்லிக்குத் தாங்கவில்லை. என்னை விட்டுப் போவதில் இவளுக்கு இத்தனை சந்தோஷமா என்று பஸ்ஸுக்குள் பாய்ந்து, குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது. புத்தகப் பை படியில் விழுந்து திறந்துகொண்டது. ஊரே பார்த்தது. “நான் இனிமே இங்க வரவே மாட்டன்” என்று எட்டு வயதுக் குழந்தை அத்தையின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அமுதவல்லி தனக்குத் தானே செய்துகொண்ட காரியத்தால் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கிருந்துதான் ஆய்வுக் குழுவுக்கு அவள் பெயர் போனது.

அதற்கு முன்னால் அவளுக்கு நடக்காத வைத்தியம் இல்லை. தாயத்து கட்டியிருக்கிறார்கள், வேப்பிலை அடித்திருக்கிறார்கள். ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, இது வியாதி இல்லை, குணம், மாறாது என்றார். ஊர் அதற்கு வைத்திருந்த பெயர் திமிர். இதை எல்லாம் ஆய்வுக் குழுவின் டாக்டர் நவநீதனிடம் முதல் நாள் அவள் சொன்னபோது அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், “உங்களுக்குச் சின்ன வயசுல அடிபட்டா வீட்ல என்ன சொல்லுவாங்க?” என்று மட்டும் கேட்டார்.

அமுதவல்லி யோசித்துவிட்டுச் சொன்னாள்: “எட்டு வயசுல கைய ஒடிச்சிக்கினு வந்தங்க. நடிக்காத, போயி மாட்டப் புடிச்சிக் கட்டுன்னாங்க. கட்னன். ரெண்டு நாளு கழிச்சி வீங்குனப்பறம்தான் கட்டுப் போடக் கூட்டினு போனாங்க.”

டாக்டர் மேசைமேல் கிடந்த ஒரு புளியங்கொட்டையை எடுத்தார். தலைக்குள் இதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பகுதி இருக்கிறது, ஆபத்து ஆபத்து என்று கத்துவது அதன் வேலை என்றார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, இரு, பார்க்கலாம் என்று அதைத் தட்டி உட்காரவைக்கும். சிலருக்கு முதலாவது சீக்கிரம் கத்துகிறது, இரண்டாவது தாமதமாக வருகிறது. படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நிறையப் பேரிடம் இப்படித் தெரிந்திருக்கிறது. எல்லோரிடமும் ஒரேபோல இல்லை. பிறவியிலேயே சிலர் சட்டென்று பற்றிக்கொள்கிற சுபாவத்தோடு வருகிறார்கள். அப்படி வந்த குழந்தையிடம் உனக்கு வலிக்கவில்லை, நடிக்கிறாய் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தால், வலியை எந்த அளவுக்குக் கத்தினால் நம்புவார்கள் என்பதே அதற்குத் தெரியாமல் போகிறது. எது எவ்வளவு என்று இன்னும் முழுசாகத் தெரியாது, அதனால்தான் உங்கள் எச்சிலைக் கேட்கிறோம் என்றார்.

“மண்சட்டிக் கொழம்பு மாதிரியா? அடுப்ப வுட்டு எறக்கி வெச்சாலும் கொதிச்சிக்கினே கெடக்குமே” என்றாள் அமுதவல்லி.

“அதேதான்.”

“இது மாறுங்களா?”

“மாறும். பத்து வருஷம், அதுக்கு மேலயும் பின்னாடியே போய்ப் பாத்திருக்காங்க. பெரும்பாலானவங்களுக்குத் தணிஞ்சிருக்கு.”

“இன்னொருக்கா சொல்லுங்க.”

மூன்று முறை சொல்லவைத்தாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து ஒரு வியாழக்கிழமையும் தவறவில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை மண்டிக்குக் கொண்டுவந்து எல்லோர்மேலும் பரீட்சை வைப்பாள். கோபம் உச்சிக்குப் போனால் குளிர்ந்த தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி மூச்சை அடக்க வேண்டும். இதயத்தின் ஓட்டம் தானாக மட்டுப்படும் என்பது பாடம். மண்டியின் பின்னாலிருக்கும் தொட்டிதான் அவளுடைய ஆய்வுக்கூடம். தலையில் தண்ணீர் வழிய வழியத் தொட்டியிலிருந்து அவள் எழுந்து வருவதை முதல் தடவை பார்த்த பச்சியப்பன் பயந்துபோய்ப் பெரியவர்களைக் கூட்டிவரப் பார்த்தார். “செத்துப் போவலீங்கண்ணா, செத்துப் போவாம இருக்கத்தான் இது” என்று அவள் விளக்கினாள். அந்த ஆள் அன்று மத்தியானமே யாருக்கும் தெரியாமல் தானும் முகத்தை அமிழ்த்திப் பார்த்ததாக மண்டியில் பேச்சு.

மார்கழி முடிவதற்குள் போனில் அவள் எண்கள் இறங்கத் தொடங்கின. பத்துகள் எட்டாயின, எட்டுகள் சீக்கிரம் நாலாயின. நாத்தனாரின் எண் போனில் ‘எழிலரசி அண்ணி’ என்று பதிவாகி அப்படியே நிலைத்தது. சாமியும் இல்லை, பேயும் இல்லை, அண்ணி. தை மாதம் எழிலரசியே அழைத்தாள். காவியாவிடம் பேசிப் பார்த்ததாகவும், பங்குனியில் ஒரு சனி ஞாயிறு மட்டும் வர ஒத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். “ஒன்னே ஒன்னு அமுதா. திரும்பிக் கூட்டினு போறப்ப அழுகாச்சி, ரகளை எதுவும் ஆவக் கூடாது. அவ அதுக்குத்தான் பயப்புடறா. நல்லபடியா அனுப்பி வெச்சன்னா மாசா மாசம் வருவா. இல்லன்னா நான் சொன்னாக்கூட வரமாட்டா.” அமுதவல்லி போனை வைத்துவிட்டு அன்று முழுவதும் யாரிடமும் எண் சொல்லவில்லை.

மாசியில் குப்பிகள் போயின. பங்குனி பிறந்த வாரம், மகள் வருவதற்குப் பதினைந்து நாள் இருக்கையில், முடிவு வந்தது. ஆடியில் இருந்ததைப்போல அவளுடைய கார்டிசால் ஏறக்குறைய மூன்று மடங்கு. இதைப் போய் லூர்துமேரி அவளிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் அமுதவல்லி வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று தினமும் கேட்டாள். லூர்துமேரிக்கோ பொய் சொல்ல நாக்கு புரளாது. “இது ஒரு நம்பர்தான்க்கா. சார் பாத்துட்டு இருக்காரு. நான் தொப்பூர் வரைக்கும் போயிட்டு வந்து பேசறேன்” என்று போனை வைத்தார்.

அந்த மத்தியானம் மண்டியில் இருந்தவர்களுக்கு மறக்காது. சுத்தி ஒரு பக்கம் பறந்தது. “எச்சிலு பொய் சொல்லுமா? நான்தான் பொய்யி! வாயில நாலு நாலுன்னு சொல்லிக்கினு உள்ளுக்குள்ள அதே பேயாத்தான் இருக்கறன்! இந்த லட்சணத்துல எம்புள்ளய எப்புடி வூட்டுக்குக் கூப்புடுவன்?” லூர்துமேரியை அழைத்தாள். எடுக்கவில்லை. பதினான்கு முறை அழைத்தாள். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர் எப்படி எடுப்பார்? அமுதவல்லிக்கு வேறு விதமாகத்தான் தோன்றியது: ஆய்வு கைவிட்டுவிட்டது, இவர்களும் போய்விட்டார்கள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் தன்னைத்தான் தண்டித்துக்கொள்வாள். முழங்கையிலுள்ள பழைய தழும்புகளை அவள் தடவுவதைப் பக்கத்தில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். பச்சியப்பன் எழுந்து போய்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார்.

அந்தத் தண்ணீர்ச் சத்தம் போதுமாயிருந்தது. போனாள். ஒருமுறை அமிழ்த்தினாள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. ஈரத்தலையோடு திரும்பி வந்து உட்கார்ந்தவள் ஒரு கேள்வி கேட்டாள். “எனக்கு மட்டுமா, இல்ல உங்களுக்கும் ஏறியிருக்குதா?”

கேள்வி பொருத்தமானதுதான். ஆய்வுக்கு ஒப்பிட்டுப் பார்க்க, நோய் இல்லாதவர்களின் எச்சிலும் வேண்டும் அல்லவா? அதற்காக இதே மண்டியில் நாலு பெண்கள் குப்பி கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் லூர்துமேரி மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது அமுதவல்லி இதைத்தான் முதலில் கேட்டாள். லூர்துமேரி தாள்களைப் புரட்டினார். நாலு பேருக்கும் ஏறியிருந்தது. மேஸ்திரியின் அதட்டலைத் தவிர வாழ்க்கையில் வேறு பதற்றமே அறியாத பெண்ணுக்குக்கூட இரண்டரை மடங்கு.

“ஆடியில இல்லாதது மாசியில இன்னா இருக்குது?” என்று கேட்டாள் அமுதவல்லி. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கன்னத்தின் உள்பக்கம் நாக்கு ஒருமுறை துழாவியது. விரலை வாய்க்குள் விட்டு, கன்னத்தில் அடக்கியிருந்த புளியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

ஓடு உடைக்கிற தூசியில் தொண்டை வறளும். அதற்காகச் சீசன் முழுக்க மண்டிப் பெண்கள் எல்லோரும் ஒரு சிட்டிகைப் புளியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். காலையில் வைத்தால் இரவு தூங்கும்வரை ஒன்று மாற்றி ஒன்று இருக்கும்; பழகிப்போய்ச் சிலர் வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவார்கள். குப்பி கொடுக்கும் முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று லூர்துமேரி சொல்லியிருந்தார். யாரும் சாப்பிடவில்லை. சத்தியமாகச் சாப்பிடவில்லை. “புளி அடக்கறத எவ சாப்பாடுன்னு சொல்லுவா மேரிம்மா? அது பாட்டுக்கு வாயில கெடக்கும், பல்லு கெடக்கற மாதிரி” என்றாள் ஒருத்தி. லூர்துமேரி ஐஸ்பெட்டியின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

புளிப்பு எச்சிலைக் கெடுத்துவிடும், அளக்கிற முறையே ஏமாந்து எண்ணைத் தூக்கிக் காட்டும் என்று பெங்களூருவிலிருந்து இரண்டு நாளில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். வாயைக் கொப்பளித்து, ஒரு மணி நேரம் காத்திருந்து எடுத்த புதுக் குப்பிகள் ஆடிக் கணக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றன. ஆய்வுத் தாளில் ஒரு வரி கூடியது: கடந்த ஒரு மணி நேரத்தில் வாயில் புளி அடக்கியிருந்தீர்களா? டாக்டர் நவநீதன் அடுத்த முறை வந்தபோது அமுதவல்லியைக் கூப்பிட்டு, இந்த வரி உங்களுடையது என்றார். அவள் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். “அடக்கியிருந்தீர்களான்னு எழுதுனா எங்காளுங்களுக்குப் புரியாது சார். புளி இருக்குதா வாயிலன்னு போடுங்க” என்று திருத்தம் சொன்னாள். சந்தோஷத்தில் அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் இல்லை.

சனிக்கிழமை காவியா வந்தாள். வளர்ந்திருந்தாள். அம்மாவை விட்டு இரண்டடி தள்ளியே நின்றாள். அமுதவல்லி வீட்டை மூன்று தடவை கழுவி, ஏழு விதமான பிஸ்கட் வாங்கி வைத்திருந்தாள். ஒரு வருடத்துப் பாசத்தை இரண்டு நாளில் ஊற்றிவிடாதீர்கள் என்று லூர்துமேரி எச்சரித்திருந்ததால், கட்டிப்பிடிக்கத் தூக்கின கையைப் பாதியில் மடக்கி, பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டில் காவியா, “அத்த சாம்பார்ல வெல்லம் போடுவாங்க” என்றாள். பழைய அமுதவல்லியாக இருந்தால் சாம்பார் இந்நேரம் வாசலில் ஓடியிருக்கும். இவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஆறு” என்றாள்.

“ஆறுன்னா இன்னாம்மா?”

எண் கணக்கை விளக்கினாள். காவியா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “எனக்கு இப்ப எட்டு.”

“எதுல கண்ணு?”

“பயத்துல.”

“எம்மேலயா?”

குழந்தை ஆமாம் என்று தலையை ஆட்டியது.

அமுதவல்லி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அழுதால் குழந்தை சமாதானப்படுத்த வேண்டிவரும். கோபப்பட்டால் எட்டு பத்தாகும். நீ ஏன் பயப்பட வேண்டும், நான் உன் அம்மா அல்லவா என்றால், வலிக்கவில்லை நடிக்கிறாய் என்று தனக்குச் சொன்னதையே அதற்கும் சொன்னதாகும். “பயமாத்தான் இருக்கும். நான் பண்ணது அப்புடி” என்றாள். “சொன்னியே, அது நல்லதாப் போச்சு. எறங்குனா சொல்லு. எறங்கலன்னாலும் சொல்லு.” சாயங்காலம் கேட்காமலே காவியா “அஞ்சு” என்றாள். ஞாயிறு காலை பல் துலக்கிக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு, மூன்று விரலைக் காட்டினாள்.

ஞாயிறு ஐந்து மணி பஸ்ஸுக்கு என்றுதான் பேச்சு. எழிலரசி மூன்று மணிக்கே வந்து நின்றாள். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, மழைக்கு முன்னால் போய்விடலாம் என்றாள். நியாயமான காரணம்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் என்னென்ன செய்யலாம் என்று அமுதவல்லி காலையிலிருந்து நிமிடம் நிமிடமாகப் பங்கு போட்டு வைத்திருந்தாள். என்னை நம்பவில்லை, அதனால்தான் முன்னாலேயே வந்திருக்கிறாள் என்று உள்ளே அந்தக் கொட்டை கத்தத் தொடங்கியது. முகம் சிவந்தது. காவியா எழுந்து அத்தையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“பத்து” என்றாள் அமுதவல்லி. “பத்துங்கண்ணி. ரவ நேரம் குடுங்க, வந்துடறன்.” புழக்கடையில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் திரும்பி வந்தபோது ஜாக்கெட்டெல்லாம் நனைந்திருந்தது. பத்து முழுசாக இறங்கவில்லை, ஒன்பதோ எட்டோதான். ஆனால் குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைக்க எட்டில் இருக்கும் கையாலும் முடிந்தது. எழிலரசி ஒரு முனையைப் பிடித்து உடன் மடித்தாள்.

பேருந்து நிலையத்தில் பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளி போகும் பஸ் நின்றிருந்தது. போன வருடம் நின்ற அதே இடம். காவியா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் எழிலரசி. டிரைவர் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார்; கண்டக்டர் டீக்கடையில் இருந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸைப் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே நின்றது. போகவும் இல்லாமல் இருக்கவும் இல்லாமல் அந்த இரண்டு நிமிடம் இழுத்துக்கொண்டே போனது. அமுதவல்லி ஜன்னலுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாள். காவியா அவளைப் பார்க்கவில்லை. முன் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓடும்போது விழாமல் இருக்கப் பிடிக்கிற பிடி அல்ல அது. யாராவது இழுத்தால் போகாமல் இருக்கப் பிடிக்கிற பிடி. அமுதவல்லிக்கு அது புரிந்துவிட்டது.

“டாட்டா ம்மா” என்றாள் காவியா, கம்பியைப் பார்த்தபடியே. இந்த முறை சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டு வந்திருந்தாள்.

அமுதவல்லி சட்டென்று ஜன்னலை விட்டு நகர்ந்து பஸ்ஸின் பின்பக்கம் ஓடினாள். எழிலரசி இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். காவியா கண்ணை மூடிக்கொண்டாள். பின்னாலிருந்து அந்தப் பெருங்குரல் கேட்டது: “ஆட்டோ அண்ணா, வண்டிய எடுங்க! புள்ளைங்க ஊருக்குப் போவணும்!” ஆட்டோ நகர்ந்தது. டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து நின்று அவள் கையை வீசினாள். “வரலாம்… வரலாம்… ஒடிச்சி வரலாம்… போதும்!” பஸ் திரும்பி நின்றது. ஓடி வந்த கண்டக்டர் படியில் கால் வைப்பதற்கு முன்பே, அமுதவல்லி ஜன்னலுக்குக் கீழே வந்து, மகள் நிமிர்ந்து பார்க்கப் பார்க்க, பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டு தட்டினாள்.

“போலாம், ரைட்!”